கணினிக்கு நான் வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக் கணினி மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஓடாமல் இருக்கவில்லை. இந்த வித்தியாசத்தை என் மனைவி அந்த வாரம் முழுக்கச் சொல்லிக் காட்டினாள். காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு, கோப்பி கலக்கி, குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால் திரையில் படம் வந்திருக்கும். அதுவரை உள்ளே ஹார்ட் டிஸ்க் பாக்கு இடிப்பதுபோல டொக் டொக்கென்று சத்தம் போடும். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அவளுக்கு ஒரு நேர்காணல் இருந்தது. சிங்கப்பூரில், சாங்கி விமான நிலையத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் அவள். எந்தப் பெட்டி எந்த விமானத்தில் ஏறியது, எது ஏறாமல் நின்றது, நின்றதற்கு எந்தத் தாளில் யாருடைய கையெழுத்து விட்டுப்போனது என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்த அலுவலகத்தை இன்னொன்றோடு சேர்த்தபோது ஒரு கேக்கும் ஒரு கடிதமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வயது ஐம்பத்தைந்து. நான்கு மாதமாக எத்தனை இடங்களுக்கு எழுதிப் போட்டாள் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. பதில் வந்தது ஒரே ஓர் இடத்திலிருந்து.

அந்த நான்கு மாதமும் அவள் வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து, குளித்து, அலுவலக உடுப்பைப் போட்டுக்கொண்டு, சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து கோப்பி குடிப்பாள். கீழே அவள் போய்க்கொண்டிருந்த பேருந்து வந்து நிற்கும், போகும். பிறகு உள்ளே போய் வீட்டு உடுப்புக்கு மாறிக்கொள்வாள். தினமும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேசியிருக்கலாம். நான் கணினியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நேர்காணல் கணினி வழியாகத்தான் என்று கடிதத்தில் போட்டிருந்தது. முகம் தெரிய வேண்டும், நடுவில் அவர்கள் அனுப்பும் ஓர் அட்டவணையைத் திறந்து, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிசெய்து காட்ட வேண்டும், கைத்தொலைபேசி செல்லாது. அவள் பேச்சின் நடுவில் இந்தக் கிழட்டுப் பெட்டி நின்றுபோனால் என்ன செய்வது என்று எனக்கு ஒரே கவலை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அறிவித்தேன்.

"ஹார்ட் டிஸ்க்கை மாத்தப் போறேன். புது டிரைவ் போட்டா பத்து செகண்டுல ஆன் ஆயிடும்."

"புதன்கிழமை இன்டர்வியூங்க. வியாழக்கிழமை மாத்துங்களேன்."

"இன்டர்வியூவுக்குத்தானே மாத்துறேன்? வியாழக்கிழமை மாத்தி என்ன செய்ய?"

"இப்ப ஓடுதுல்ல?"

"ஓடுதா? தவழுது லா!"

அவள் எழுந்து தட்டைக் கழுவப் போனாள். சொன்னால் கேட்கிற ஆள் யார், கேட்காத ஆள் யார் என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பது அவள் தொழில்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் ஓர் உயர்நிலைப் பள்ளியின் இயற்பியல் கூடத்தில் முப்பது வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆசிரியர் இல்லை, ஆசிரியர்கள் கெடுத்து வைப்பதைச் சரிசெய்கிறவன். அதனால் ஸ்க்ரூடிரைவர் நுழையக்கூடிய எல்லா இடமும் என் ராஜ்யம் என்று ஒரு நினைப்பு. கூடவே, நான் அறிவியல்காரன், மற்றவர்களைப் போல இல்லை என்று இன்னொரு நினைப்பு. ஆயுத பூசை வந்தால் என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வருவாள். ரைஸ் குக்கர், துணி துவைக்கும் இயந்திரம், மிக்ஸி, என் ஸ்க்ரூடிரைவர் பெட்டி என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். ஒரு வருடம் வைஃபை ரவுட்டருக்கும் வைத்தபோது என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"பொட்டு வச்சா ஸ்பீடு கூடுமோ?"

"ஸ்பீடு கூடுதோ இல்லையோ, உங்க வாய் குறையும்னு நெனச்சேன். குறையல."

திங்கட்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பூக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் பாய் ஒருவர் கடை வைத்திருக்கிறார். தாத்தா கைலி விற்ற கடை, அப்பா கடிகாரம் விற்ற கடை. இவர் காலத்தில் முன்பக்கம் தொலைபேசி உறையும் சார்ஜரும் தொங்குகின்றன, உள்ளே கணினிகள் வயிறு திறந்து கிடக்கின்றன. என்னைவிட ஒரு பத்து வயது இளையவர். எவ்வளவு அவசரமாகப் போய் நின்றாலும் அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவர் எடுத்துக் கொடுத்த புது டிரைவ் ஒரு சூயிங்கம் பட்டை அளவுதான் இருந்தது. சூயிங்கம் விற்கத் தடை உள்ள நம் ஊரில் அது பலருக்கு மறந்துபோயிருக்கும் என்பதால், ஊதுபத்திப் பெட்டியை இரண்டாக நறுக்கிய அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தகடு. ஒரு முனையில் மட்டும் சீப்புப் பல் மாதிரி தங்க நிறத்தில் வரிசையாகக் கோடுகள்.

"மொதல்ல இதை இந்த டப்பாவுல போட்டு யுஎஸ்பில சொருகுங்கண்ணே. பழசுல உள்ளதெல்லாம் அப்படியே காப்பி எடுத்துக்குங்க. அப்புறம் கம்ப்யூட்டரைத் தொறந்து, பழச கழட்டி வச்சுட்டு, இதை மதர்போர்டுல உள்ள ஸ்லாட்ல போடணும். அவ்வளவுதான். இல்லாட்டி இங்க கொண்டாங்க, நான் செஞ்சு தர்றேன்."

"வேணாம் பாய். நான் லேப்ல இருந்தவன்."

"சரிண்ணே," என்று பையில் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். "செவ்வாய்க்கிழமையாப் பார்த்தா ஆரம்பிக்கணும்?" என்று மனைவி கேட்டாள். கம்ப்யூட்டருக்குக் கிழமை தெரியாது என்று பதில் சொன்னேன். நகல் எடுக்கும் வேலை இரண்டு மணிவரை ஓடி, ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. நேர்காணலுக்குப் போட்டுக்கொள்ளும் கோட்டை லாண்டரியிலிருந்து வாங்கிவர அவள் கீழே போனாள். நான் பெட்டியைத் திறந்தேன்.

புது டிரைவை டப்பாவிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அதைச் செருக எனக்கு மனம் வரவில்லை. முப்பது வருடத்தில் எத்தனையோ கருவிகளைக் கழற்றி மாட்டியிருக்கிறேன், இப்படித் தயங்கியதில்லை. அவள் காலையில் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. நாளை மூன்று மணி நினைவுக்கு வந்தது. என்னையறியாமல் பூசை அலமாரி பக்கம் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தேன், வாசல் கதவு சாத்தியிருந்தது. சந்தனத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன்.

எங்கே வைப்பது என்பது அடுத்த பிரச்சினை. தகட்டின் மேல் ஒட்டியிருந்த தாள் வழவழவென்றிருந்தது. சந்தனம் நிற்கவில்லை, வழுக்கியது. அந்தத் தங்கப் பல் வரிசைதான் நெற்றிச்சுட்டி போட்ட நெற்றி மாதிரி பளிச்சென்று இருந்தது. அங்கே அழகாக நின்றது. சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்து, ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டேன். யாரை வேண்டினேன் என்று கேட்காதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. பிறகு காயும்வரை ஊதிவிட்டு, ஸ்லாட்டில் செருகி, ஸ்க்ரூவை முடுக்கினேன்.

பொத்தானை அமுக்கினேன். பத்து செகண்டு என்று சொல்லியிருந்தேன் அல்லவா, ஒன்பதாவது செகண்டில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. துவங்குவதற்கு எந்தச் சாதனமும் இல்லை, ஒன்றைச் செருகிவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்தவும் என்று. ஏதாவது ஒரு விசை என்றது. நான் எல்லா விசையையும் அழுத்தினேன்.

மனைவி கோட்டோடு வந்தாள். "என்னாச்சு?"

"பூட் ஆகல."

அதற்குள் ஈசூனிலிருந்து அவள் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். "கம்ப்யூட்டர் பூட் ஆகலையாம்க்கா" என்று இவள் சொல்ல, "பூட்டா? சாவியத் தொலைச்சிட்டாரா? எங்க புளோக்குக்குக் கீழ பூட்டு தொறக்கிற அங்கிள் இருக்காரு, அனுப்பட்டா?" என்று அவர் கேட்டது ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. அன்று மாலைக்குள் அந்தக் குடும்பம் முழுவதும், நான் கணினியைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டதாகச் செய்தி பரவியிருந்தது.

நான் அமைப்புகள் இருக்கும் நீலப் பக்கத்துக்குப் போனேன். அங்கே கணினியில் என்னென்ன செருகியிருக்கிறது என்று ஒரு பட்டியல் உண்டு. புது டிரைவ் அந்தப் பட்டியலிலேயே இல்லை. சரி, அமைப்பில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தேன். பழைய முறையில் துவங்கு, புதிய முறையில் துவங்கு, பாதுகாப்போடு துவங்கு, பாதுகாப்பில்லாமல் துவங்கு. எதை எதிலிருந்து எதற்கு மாற்றினேன் என்று குறித்து வைக்கவில்லை. 'ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை எழுதி வை' என்று இயற்பியல் கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியவன் நான்தான்.

மனைவி கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். "அந்தப் புதுச ஒரு தடவ கழட்டி மாட்டிப் பாருங்களேன். சரியா உக்காராம இருக்கும்."

"அதெல்லாம் உக்காந்திருக்கு."

"ஒரு ஸ்க்ரூதானே?"

"சொன்னா கேளு. அதுல ஒண்ணுமில்ல."

கழற்றினால் பொட்டு தெரிந்துவிடும். அதுவும் கைவிளக்கு வெளிச்சத்தில். ரவுட்டருக்குப் பொட்டு வைத்தவளைக் கிண்டல் செய்த வாய் இது. அந்த மானக்கேட்டுக்குக் கணினி ஓடாமல் இருப்பதே மேல் என்று பட்டது. பொட்டினால்தான் கோளாறு என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் தர்க்கம் சுத்தமாக இருந்தது: பொட்டுக்கு ஒரு சக்தியும் கிடையாது, சக்தி இல்லாத ஒன்று நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது, ஆகவே கோளாறு வேறெங்கோ இருக்கிறது. ஆகவே அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றினேன். மின்விசிறியைக் கழற்றித் தூசு தட்டினேன். மெமரியைக் கழற்றி அழிப்பானால் தேய்த்தேன். அதன் பற்களை விரலால் தொடக்கூடாது, வியர்வை பட்டாலே மின்தொடர்பு விட்டுப்போகும் என்று அவளுக்கு விளக்கம் வேறு சொன்னேன்.

ஐந்து மணிக்குப் பாயைக் கூப்பிட்டேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"லிஸ்ட்லயே இல்லைன்னா ஸ்லாட்லதான்ணே விஷயம். கழட்டி, பல்லைத் தொடச்சு, திரும்ப மாட்டுங்க. தொண்ணூறு பர்சென்ட் அதுதான்."

"மாட்டிப் பார்த்துட்டேன் பாய்."

"பார்த்துட்டீங்களா?"

"ரெண்டு தடவ."

இந்தப் பொய்யை மனைவி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கைவிளக்கை அணைத்தாள்.

கடைசியில் தோல்வியை ஒப்புக்கொண்டு பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மாட்டினேன். தவழ்ந்தாலும் பரவாயில்லை, நாளை ஒருநாள் தவழட்டும் என்று. அது டொக் டொக்கென்று இரண்டு தடவை இடித்துவிட்டு, அதே வெள்ளை எழுத்தைக் காட்டியது. அமைப்புகளை நான் குதறி வைத்த குதறலில் பழையதும் துவங்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஒன்றை ஓடாமல் ஆக்கிவிட்டேன்.

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. எங்கள் மகன் வேலை விஷயமாகப் பெர்த்தில் இருக்கிறான், அவன் மடிக்கணினியும் அவனோடு இருக்கிறது. பழைய அலுவலகத் தோழி ஒருத்தியைக் கூப்பிட்டாள்; அந்தத் தோழி பாத்தாம் தீவுக்குப் போயிருந்தாள். நூலகத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பேச முடியாது. சமூக மன்றத்தில் கேட்டாள், அறை காலியில்லை. பிறகு கோட்டை எடுத்து, லாண்டரியில் தேய்த்துக் கொடுத்த கோட்டையே மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். நான் சோபாவில் உட்கார்ந்து அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காலையில பாய் கடைக்கு எடுத்துட்டுப் போவோம்," என்றாள் தேய்த்துக்கொண்டே.

புதன்கிழமை காலை, மீனும் காய்கறியும் வாங்க ஈரச்சந்தைக்குக் கொண்டுபோகும் இரண்டு சக்கரத் தள்ளுபையில் கணினிப் பெட்டியைக் குளியல் துண்டு சுற்றி நிறுத்தி வைத்தோம். அவள் நேர்காணலுக்கான உடுப்பில், கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள்.

"நீ எதுக்கு வர்றே? நான் போயிட்டு வந்துடுறேன்."

"என் சரக்கு. நான்தான் கூடப் போகணும்."

எங்கள் பிடோக் நிலையத்தில் எம்ஆர்டி ரயில் ஏறினோம். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு சீன ஆன்ட்டி தள்ளுபையைப் பார்த்து, அரிசியா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கம்ப்யூட்டர் என்றேன். துண்டு சுற்றியிருப்பதைப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். ஆமாம், டாக்டரிடம் போகிறோம் என்று என் மனைவி பதில் சொன்னாள். அவர் இறங்கும்போது துண்டின்மேல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

பாய் பதினோரு மணிக்குத்தான் கடை திறந்தார். பெட்டியை மேசைமேல் படுக்கவைத்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, தலையில் மாட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, இதைக் கழட்டி மாட்டினேன்னு சொன்னீங்கள்ல?"

"மாட்டினேன்."

"ரெண்டு தடவ."

"ஆமா."

ஸ்க்ரூவை எடுத்தார். தகடு சற்று ஒட்டிக்கொண்டு, பிறகு வந்தது. விளக்கு வெளிச்சத்தில் அதன் முனையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சாப்பிட்ட கையோட மாட்டினீங்களா? மிளகாச் சம்பல் மாதிரி என்னமோ ஒட்டியிருக்கே."

நான் வெளியே பூக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவி கையை நீட்டித் தகட்டை வாங்கினாள். உற்றுப் பார்த்தாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"சம்பல் இல்ல பாய். சந்தனம். மேல இருக்கிறது குங்குமம்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் பாய் பக்கம் திரும்பி, "நான் வைக்கல," என்றாள்.

பாய் என்னைப் பார்க்காமல் இழுப்பறையைத் திறந்து, ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சுக் குச்சியையும் எடுத்தார். தங்கப் பல் ஒவ்வொன்றாகத் துடைத்தார். பஞ்சு முதலில் சிவப்பாக, பிறகு மஞ்சளாக வந்தது.

"நானும் எதை ஆரம்பிச்சாலும் பிஸ்மில்லா சொல்லித்தான்ணே ஆரம்பிப்பேன்," என்றார் துடைத்துக்கொண்டே. "ஆனா அது வாயால சொல்றது. எதுலயும் ஒட்டிக்காது."

என் மனைவி சிரித்துவிட்டாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பாயும் சிரித்தார். நான்கு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எது அதிகம் என்று சொல்லத் தெரியவில்லை.

பாய் டிரைவை மாட்டி, நான் குதறிய அமைப்புகளை எல்லாம் ஒரே விசையில் தொழிற்சாலையில் இருந்தபடி திருப்பினார். கடைத் திரையோடு இணைத்துப் பொத்தானை அமுக்கினார். எண்ணிக்கொண்டேயிருந்தேன், எட்டாவது செகண்டில் அவளுடைய பழைய படம், செந்தோசாக் கடற்கரையில் எடுத்தது, திரையில் வந்துவிட்டது. 'பார்த்தாயா' என்று சொல்ல வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டேன்.

பாய் ஒரு தடவை அணைத்துப் போட்டுச் சோதித்தார். அங்கேதான் அடுத்த கண்டம். திரை நீலமாகி, புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைத்துவிடாதீர்கள் என்று எழுத்து வந்தது. மாதக்கணக்கில் ஹார்ட் டிஸ்க்கின் மந்தத்தால் தள்ளிப்போட்டதையெல்லாம் அது மொத்தமாக இழுத்துப் போட்டுக்கொண்டது. பன்னிரண்டு மணிக்கு ஏழு சதவீதம். சாப்பாட்டுக் கடையில் தோசை வாங்கிவந்து நின்றபடியே சாப்பிட்டோம். ஒரு மணிக்கு முப்பது. பாய் தொழுதுவிட்டு வந்தார். இரண்டு மணிக்கு அறுபத்து நான்கு. இனி அது முடிந்து, தள்ளுபையில் ஏற்றி, ரயில் பிடித்து, பிடோக்கில் இறங்கி, வீட்டில் இணைப்பெல்லாம் கொடுப்பதற்குள் மூன்று மணி தாண்டிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. வாய் திறந்து சொல்லத் தைரியமில்லை.

"இங்கயே முடிச்சுக்கலாமா பாய்?" என்று மனைவி கேட்டாள்.

"தாராளமா அக்கா. பின்னாடி ரூம் இருக்கு."

பின்னால் இருந்தது சாமான் அறை. அடுத்த அரைமணி நேரம் நான் அவளுடைய இருபத்தாறு வருட வேலையை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். சார்ஜர் பெட்டிகளை இடப்பக்கச் சுவரோரம் அடுக்கச் சொன்னாள். பின்னணியில் தெரிந்த தொலைபேசி உறைகளை மறைக்க ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினாள். விளக்கை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று பாய்க்குச் சொன்னாள். மேசைக்கு ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் பழைய சிம் அட்டைகளை அடுக்கிச் செருகினாள். இரண்டு ஐம்பதுக்குப் புதுப்பித்தல் முடிந்தது. பாய் பெட்டியை உள்ளே கொண்டுவந்து, கடையின் திரையையும் கேமராவையும் மாட்டிக் கொடுத்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீங்க வெளிய உக்காருங்க," என்றாள் என்னிடம். "யாரையும் பேச விடாதீங்க. நீங்களும் பேசாதீங்க."

கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். எனக்கும் சாமான் அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். பூக்கடை ரேடியோவைக் குறைக்கச் சொல்லிக் கைகூப்பினேன். அந்த அம்மா அணைத்தே விட்டார். தொலைபேசிக்குப் பணம் ஏற்ற வந்த ஓர் ஆளிடம் உதட்டில் விரல் வைத்து, உள்ளே இன்டர்வியூ என்று கிசுகிசுத்தேன். யாருக்கு என்று அவரும் கிசுகிசுத்தார். என் வீட்டுக்காரம்மாவுக்கு என்றேன். அவர் போகாமல் நின்று, அடுத்து வந்தவரிடம் கிசுகிசுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்த வாசலில் நான்கு பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

அட்டவணை வேலை முடிந்துவிட்டது என்பது உள்ளிருந்து வந்த பேச்சில் தெரிந்தது. பிறகு ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் கேட்டது: ஏதாவது தவறு நடந்து, நேரமும் இல்லாத நிலையில், நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

அவளிடம் இதற்குத் தயாரித்த பதில் ஒன்று இருந்தது. மருந்துப் பெட்டி ஒன்று தவறான விமானத்தில் ஏறிப்போன கதை. ஒரு வாரமாக என்னிடம் சொல்லிப் பார்த்தது. அதைச் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"நேற்று நடந்ததையே சொல்கிறேன்," என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், என் மனதில் தமிழாகத்தான் நிற்கிறது. "என்னோடு முப்பது வருடமாக இருக்கிற ஒருவர், இந்த நேர்காணலுக்கு வேண்டிய கணினியைச் சரிசெய்யப் போய்க் கெடுத்துவிட்டார். எங்கே கெட்டது என்று பார்க்க ஒரு பாகத்தைக் கழற்றச் சொன்னேன். மறுத்தார். மறுத்ததும் அதில்தான் விஷயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. சரக்கு வேலையில் இது தினமும் நடக்கும். தப்பாக ஏற்றியவனிடம் ஏன் ஏற்றினாய் என்று கேட்டால் இன்னும் மறைப்பான். பெட்டி இப்போது எங்கே என்றுதான் கேட்க வேண்டும். அதனால் நான் சண்டை போடவில்லை. அந்தப் பாகத்தைக் கழற்றக்கூடிய வேறொருவரிடம் இரண்டையும் கூட்டிக்கொண்டு வந்தேன். கணினியையும், அவரையும்."

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. இன்னொரு குரல், ஆண் குரல், கேட்டது: ஏன் என்று பிறகாவது அவரிடம் கேட்டீர்களா?

"கேட்கத் தேவைப்படவில்லை," என்றாள். "எனக்கு இந்த வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று அவர் என்னைவிட அதிகமாகப் பயந்துபோயிருந்தார். பயந்தவர்களோடு வேலை செய்ய எனக்குத் தெரியும்."

வாசலில் நின்ற நால்வரில் யார் யாருக்கு என்ன புரிந்ததோ, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டேன். செருப்பில் ஒன்றுமில்லை.

வேலை கிடைத்தது. அதற்கான கடிதம் இரண்டு வாரம் கழித்து வந்தது, இப்போதும் போய்வந்துகொண்டிருக்கிறாள். ஆனால் அன்று அந்தக் கடையில் எங்களுக்கு அது தெரியாது. நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கோட்டைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள். பாய் வாடிக்கையாளர்களைக் கவனிக்கப் போய்விட்டார். அவள் என் பக்கத்தில், சார்ஜர் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"பயமா இருந்தா வாயத் தொறந்து சொல்லுங்க. முப்பது வருஷமா நான்தான் உங்க முகத்தப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு."

"பயமா இருந்துச்சு," என்றேன். அந்த வார்த்தையை அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கும்தான்," என்றாள். "பயமா இருக்கான்னு நாலு மாசமா நீங்க கேப்பீங்க, கேப்பீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."